வாக்குக் கொடுத்த வரிசையும் வழக்கமாய் வந்த வரிசையும்



வரிசை என்பது நமக்குப் புதிய விஷயம் அல்ல. விடியற்காலைப் பெரட்டில் பெயர் கூப்பிடுவது ஒரு வரிசை. பால் நிறுக்கும் இடத்தில் வாளியோடு நிற்பது ஒரு வரிசை. கோயில் திருவிழாவில் அன்னதானத்துக்கு உட்காருவதும் ஒரு வரிசைதான். முந்தி வந்தவர் முந்தி. பிந்தி வந்தவர் பிந்தி. இடையில் ஒருவர் நுழைந்தால் என்ன நடக்கும் என்பதையும் நாம் பார்த்திருக்கிறோம். இன்று நாம் பேசப்போவதும் வரிசையைப் பற்றித்தான். ஆனால் இந்த வரிசை கணிப்பொறிக்குள்ளே இருக்கிறது.

முதலில் நடந்த ஒன்றைச் சொல்லிவிடுகிறோம். தவறு நம்முடையது, ஆகையால் ஒளிக்க வேண்டியதில்லை.

நாங்கள் சிலர் சேர்ந்து, பிள்ளைகளுக்குப் பள்ளிச் சீருடையும் புத்தகமும் வாங்கிக் கொடுக்க ஓர் உதவித் திட்டம் நடத்தினோம். கையில் இருந்த பணம் 40 குடும்பங்களுக்குத்தான் போதும். நோட்டில் முதலில் பெயர் கொடுத்தவர்களுக்கு முதலில் என்று கூட்டத்தில் பேசி முடிவு செய்தோம். பெயர்கள் வந்தன. சிலர் மறந்துபோய் இரண்டு முறை எழுதியிருந்தார்கள். ஒரே பெயர் இரண்டு தடவை வராமல் இருக்கக் கணிப்பொறியில் ஒரு சிறிய நிரல் எழுதினோம். நிரல் என்றால், கணிப்பொறி என்ன செய்ய வேண்டும் என்று வரிவரியாக எழுதிக் கொடுக்கும் கட்டளைத் தொடர். முதலில் 1 முதல் 10 வரை எண்களைக் கொடுத்துச் சோதித்தோம். கொடுத்த வரிசையிலேயே அழகாக வந்தது. சரிதான் என்று நம்பி, பெயர்களை ஏற்றி, முதல் 40 பேரை அச்சிட்டு மண்டபத்தில் ஒட்டினோம்.

மறுநாள் ஒரு பெயரில் எழுத்துப்பிழை இருந்தது. அதைத் திருத்தி மீண்டும் அச்சிட்டோம். சற்று நேரத்தில் ஓர் அக்காள் வந்து நின்றார். "நேத்து இருந்த பேரு இன்னிக்கு எங்க தம்பி போச்சு? நான் காலையில ஆறு மணிக்கே வந்து நாலாவது ஆளா எழுதினேன்" என்றார்.

நோட்டைத் திறந்து பார்த்தோம். அவர் சொன்னது உண்மை. நான்காவது வரியில் அவர் பெயர் இருந்தது. நேற்றைய தாளில் அது 22-ஆவது இடத்தில் இருந்திருக்கிறது. அப்போதே நாம் கவனித்திருக்க வேண்டும். இன்றைய தாளில் முதல் 40-க்குள் இல்லவே இல்லை. யாரும் பெயரை அடிக்கவில்லை. கணிப்பொறியும் பழுதாகவில்லை. வரிசை காக்காத ஒன்றிடம் வரிசையை எதிர்பார்த்தோம், அதுதான் குற்றம்.

அது என்ன, வரிசை காக்காத ஒன்று?

நம் பிள்ளைகள் இடைநிலைப் பள்ளியில் முதலாம் படிவக் கணிதத்திலேயே 'செட்' என்ற பாடத்தைப் படிக்கிறார்கள். தமிழில் கணம் என்பார்கள். பிள்ளைகளின் வாயில் வழங்குவது போல நாமும் செட் என்றே சொல்வோம். செட் என்பது பல பொருள்களின் ஒரு கூட்டம். அதற்கு இரண்டு குணங்கள் உண்டு. ஒன்று, ஒரு பொருள் அதில் ஒரு முறைதான் இருக்கும். இரண்டு, எது முன், எது பின் என்ற கேள்வி அங்கே இல்லை. வெற்றிலை, பாக்கு, தேங்காய் என்று சொன்னாலும், தேங்காய், வெற்றிலை, பாக்கு என்று சொன்னாலும் தட்டில் இருப்பவை அதே மூன்றுதான். இந்தக் கணக்குமுறையை 19-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் வளர்த்தவர் ஜியார்ஜ் கேன்டர் என்ற ஜெர்மானியக் கணித மேதை. 1845-இல் பிறந்து 1918-இல் மறைந்தவர்.

கணிப்பொறி மொழிகளைப் படைத்தவர்கள் இந்தச் செட்டைத் தங்கள் மொழிக்குள்ளும் கொண்டுவந்தார்கள். 1991-இல் வெளிவந்த பைதான் என்ற மொழி இன்று மாணவர்கள் பலர் முதன்முதலில் கற்கும் மொழி. அதை உருவாக்கியவர் நெதர்லாந்து நாட்டைச் சேர்ந்த கீடோ வான் ராசம். அந்த மொழியில் 2004-இல் வெளியான 2.4 பதிப்பு முதல் செட் உள்ளமைந்த பொருளாகவே இருக்கிறது. நாம் நம்பி ஏமாந்ததும் அந்தச் செட்டைத்தான்.

செட்டுக்குள் பொருள்கள் எப்படி வைக்கப்படுகின்றன என்று பார்த்தால், வரிசை ஏன் மாறுகிறது என்பது விளங்கும். தோட்டத்து ஆபீசில் கிராணி கடிதங்களைப் போட்டுவைக்க, அறை அறையாகத் தடுத்த ஒரு மரப்பெட்டி வைத்திருக்கிறார் என்று எண்ணிக்கொள்ளுங்கள். அதில் எட்டு அறைகள். அறைகளுக்கு 0 முதல் 7 வரை எண். ஒரு வீட்டின் கடிதம் வந்தால், வீட்டு எண்ணை எட்டால் வகுத்து, மீதி என்னவோ அந்த அறையில் போடுவார். தேடும்போதும் அதே கணக்கு. எல்லாக் கடிதத்தையும் புரட்ட வேண்டியதில்லை. நேரே அந்த அறைக்குக் கை போகும். செட்டின் வேகத்துக்கு இதுதான் காரணம்.

இப்போது 3, 10, 17 என்ற மூன்று வீட்டு எண்களை இந்த வரிசையிலேயே கொடுப்போம். 3-ஐ எட்டால் வகுத்தால் மீதி 3. மூன்றாம் எண் அறை. 10-க்கு மீதி 2. இரண்டாம் எண் அறை. 17-க்கு மீதி 1. ஒன்றாம் எண் அறை. பிறகு பெட்டியை முதல் அறையிலிருந்து பார்த்துக்கொண்டே வந்தால் என்ன வரும்? 17, 10, 3. நாம் கொடுத்ததற்கு நேர் தலைகீழ்! இன்றைய பைதானில் இந்த மூன்று எண்களைச் செட்டில் போட்டு அச்சிட்டால் இப்படித்தான் வரும். வீட்டில் பிள்ளையிடம் சொல்லிச் செய்து பார்க்கலாம்.

இன்னும் ஒரு வேடிக்கை உண்டு. அதே செட்டில் 20-ஐச் சேர்த்து, பிறகு 25-ஐயும் சேர்க்கச் சொல்லுங்கள். ஐந்தாவது எண் வந்ததும், பெட்டி நெரிசலாகிவிட்டது என்று கணிப்பொறி பெரிய பெட்டிக்கு மாறுகிறது. இப்போது 32 அறைகள். எல்லாரும் புதிய அறைக்குக் குடிபோகிறார்கள். இனி மீதி பார்ப்பது எட்டால் வகுத்து அல்ல, 32-ஆல் வகுத்து. அச்சிட்டால் 3, 10, 17, 20, 25 என்று ஏறுவரிசையில் வரும். சற்று முன் தலைகீழாக நின்றவை, இரண்டு பேர் சேர்ந்ததும் நேராக நிற்கின்றன. 1 முதல் 10 வரை கொடுத்துச் சோதித்தபோது நமக்கு நேராக வந்ததும் இதனால்தான். அது வரிசை காத்த வரிசை அல்ல. அறைக் கணக்கு தற்செயலாகக் கொடுத்த வரிசை.

எண்களின் கதை இது. பெயர்களுக்கு வருவோம். பெயரை எட்டால் வகுக்க முடியாது. ஆகையால் கணிப்பொறி முதலில் பெயரை ஒரு பெரிய எண்ணாக மாற்றிக்கொள்கிறது. அந்த எண்ணை வைத்து அறையைத் தீர்மானிக்கிறது. இந்த மாற்றத்துக்குள், நிரலை ஓட்டும் ஒவ்வொரு முறையும் ஓர் இரகசிய எண்ணைப் பைதான் புதிதாகக் கலக்கிறது. இன்று ஓட்டினால் ஓர் எண். நாளை ஓட்டினால் வேறோர் எண். ஆகவே அறைகளும் மாறுகின்றன. வெளியே வரும் வரிசையும் மாறுகிறது. நாலாவதாக எழுதிய அக்காள் ஒரு நாள் 22-இல் நின்றதும், மறுநாள் 40-ஐத் தாண்டிப் போனதும் இப்படித்தான்.

வேண்டுமென்றே ஏன் கலக்க வேண்டும் என்று கேட்பீர்கள். அதற்கு ஒரு காரணம் இருக்கிறது. எந்தப் பெயர் எந்த அறைக்குப் போகும் என்று வெளியாருக்குத் தெரிந்துவிட்டால், ஒரு கெட்ட எண்ணக்காரர் ஒரே அறைக்குப் போகக்கூடிய பல்லாயிரம் பெயர்களைத் தேடிப்பிடித்து அனுப்பலாம். பெட்டியின் மற்ற அறைகள் காலியாகக் கிடக்க, எல்லாக் கடிதமும் ஓர் இடத்தில் மோதும். ஒவ்வொன்றையும் மற்றவற்றோடு ஒத்துப் பார்த்தே கணிப்பொறி மூச்சுத் திணறிவிடும். அமெரிக்காவில் ரைஸ் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஸ்காட் கிராஸ்பி, டான் வாலக் என்ற இருவர் 2003-இல் இந்த ஆபத்தை விளக்கிக் கட்டுரை வெளியிட்டார்கள். 2011 டிசம்பரில் பெர்லின் நகரில் நடந்த ஒரு மாநாட்டில், பல மொழிகளில் எழுதப்பட்ட இணையச் சேவைகளை இந்த முறையால் முடக்கலாம் என்று எடுத்துக்காட்டினார்கள். அதன்பின் 2012-இல் வந்த பைதான் 3.3 பதிப்பு முதல், இரகசிய எண் கலப்பது வழக்கமாகவே ஆக்கப்பட்டது. வீட்டுக்குப் பூட்டுப் போடுவது போன்ற காவல் இது. குறை சொல்வதற்கில்லை.

இங்கேதான் நம் கேள்வி பிறக்கிறது. செட்டில் பொருள்கள் வந்த வரிசையிலேயே நிற்கும் என்று ஒரு மொழி உறுதி கொடுக்க வேண்டுமா, வேண்டாமா?

கொடுக்க வேண்டும் என்பவர்கள் சொல்வதை முதலில் கேட்போம். மனிதன் வரிசையோடு பழகியவன். ஒன்றன்பின் ஒன்றாகக் கொடுத்ததை ஒன்றன்பின் ஒன்றாகத் திரும்பப் பெறுவோம் என்றுதான் எவரும் எதிர்பார்ப்பார். நேற்று ஓட்டியபோது வந்த விடையும் இன்று ஓட்டினால் வரும் விடையும் ஒன்றாக இருந்தால், தவறு நேரும்போது கண்டுபிடிப்பது எளிது. நேற்றுச் சரியாக இருந்து இன்று கெட்டுப்போகும் பிழையைப் போலத் தொல்லை தருவது வேறில்லை. இது அவர்கள் வாதம்.

அவர்கள் கையில் நல்ல சான்று ஒன்றும் இருக்கிறது. செட்டுக்கு நெருங்கிய உறவாகப் பைதானில் டிக்ஷனரி என்ற ஒன்று உண்டு. ஒரு பெயருக்கு எதிரே ஒரு விவரத்தை எழுதிவைக்கும் பேரேடு போன்றது அது. முன்பு அதுவும் அறைப்பெட்டி முறையில்தான் இருந்தது, வரிசை காக்கவில்லை. 2012 டிசம்பரில் ரேமண்ட் ஹெட்டிங்கர் என்ற பைதான் வல்லுநர் ஒரு யோசனை சொன்னார். விவரங்களை வந்த வரிசையில் ஒரு நோட்டில் நெருக்கமாக எழுதிக்கொண்டு போவோம். அறைப்பெட்டிக்குள் முழு விவரத்தையும் வைக்காமல், நோட்டில் எத்தனையாவது வரி என்ற சீட்டை மட்டும் வைப்போம். இதுதான் யோசனை. இடத்தை மிச்சப்படுத்தச் சொன்ன வழி அது. 2016 டிசம்பரில் வெளிவந்த 3.6 பதிப்பில் இம்முறை வந்தபோது, டிக்ஷனரி பிடிக்கும் இடம் 20 முதல் 25 விழுக்காடு வரை குறைந்தது. கூடவே கேட்காமல் ஒரு வரமும் கிடைத்தது. நோட்டைப் புரட்டினால் வந்த வரிசையிலேயே எல்லாம் இருந்தன!

ஆனால் 3.6 வந்தபோது அதை உருவாக்கியவர்கள் ஒரு வார்த்தை சொல்லிவைத்தார்கள். இந்த வரிசை இப்போதைக்கு இப்படி அமைந்திருக்கிறது. இதை நம்பி நிரல் எழுதாதீர்கள் என்றார்கள். வழக்கம் இருந்தது, வாக்கு இல்லை. ஓராண்டு விவாதித்த பிறகு, 2017 டிசம்பரில் கீடோ வான் ராசம் தீர்ப்புச் சொன்னார். டிக்ஷனரி வந்த வரிசையைக் காக்கும் என்பது இனி மொழியின் விதி என்றார். 2018 ஜூன் மாதம் வெளிவந்த 3.7 பதிப்பிலிருந்து அது வாக்காகிவிட்டது.

இந்த இரண்டுக்கும் உள்ள வேறுபாட்டை நாம் நன்றாக அறிவோம். மாலை ஐந்து மணிக்கு ரொட்டிக்காரர் மோட்டார் சைக்கிளில் வருவார். ஆண்டுக்கணக்கில் வருகிறார். ஆனால் நாளையும் ஐந்து மணிக்கு வருவேன் என்று அவர் யாருக்கும் சத்தியம் செய்து கொடுக்கவில்லை. அவரை நம்பி வீட்டில் விருந்தாளிக்குச் சொல்லிவிட்டு உட்கார்ந்திருந்தால், அவர் வராத நாளில் யாரைக் குற்றம் சொல்வது? அதே ரொட்டிக்காரரிடம் முதல் நாளே சொல்லி, அவரும் சரி என்று தலையசைத்திருந்தால் அது வேறு. அவர் வராவிட்டால் கேட்க நமக்கு உரிமை உண்டு. வாக்குக்கு இருக்கும் பலம் வழக்கத்துக்கு இல்லை.

டிக்ஷனரிக்குக் கொடுத்த வாக்கைச் செட்டுக்கும் கொடுத்துவிட்டால் என்ன? இதுதான் பலருடைய கேள்வி. இன்றுவரை பைதான் அந்த வாக்கைக் கொடுக்கவில்லை. செட் வரிசையற்றது என்றே அதன் கையேடு சொல்கிறது. வேண்டாம் என்பவர்களின் காரணங்களை இனிப் பார்ப்போம்.

முதல் காரணம், செட் எதற்காக இருக்கிறது என்பது. இவர் கூட்டத்தில் உண்டா இல்லையா என்று கேட்கவே பெரும்பாலும் செட் பயன்படுகிறது. சங்கத்தில் உறுப்பினரா என்று கேட்டால், ஆம் அல்லது இல்லை என்ற விடை போதும். எத்தனையாவது உறுப்பினர் என்று கேட்பவர் இல்லை. வேண்டாத ஒரு வேலைக்கு எல்லாரும் ஏன் கூலி கொடுக்க வேண்டும் என்கிறார்கள்.

இரண்டாவது காரணம் இன்னும் ஆழமானது. இரண்டு செட்டுகள் சேரும்போது எந்த வரிசையை வைப்பது? ஒரு நோட்டில் 10,000 வாக்காளர் பெயர்கள் இருக்கின்றன. இன்னொரு நோட்டில் 12 பெயர்கள். இரண்டிலும் பொதுவாக இருப்பவர் யார் என்று கேட்டால், புத்தியுள்ளவர் சிறிய நோட்டைத்தான் கையில் எடுப்பார். அந்த 12 பேரை ஒவ்வொருவராகப் பெரிய கூட்டத்தில் உண்டா என்று கேட்டால் முடிந்தது. பைதானும் அப்படியே, இரண்டில் சிறியதை எடுத்துத்தான் செய்கிறது. முதல் நோட்டின் வரிசை மாறாமல் விடை வேண்டும் என்று விதி வைத்துவிட்டால், 10,000 பெயர்களையும் முதலிலிருந்து புரட்ட நேரும். இல்லையேல் கிடைத்த விடையை மறுபடியும் அடுக்க நேரும். வரிசைக்கு வாக்குக் கொடுத்தால் இந்தச் சுருக்குவழி நம் கையை விட்டுப் போகும்.

மூன்றாவது காரணம், சமம் என்ற சொல்லுக்கு வரும் குழப்பம். 1, 2 என்ற செட்டும் 2, 1 என்ற செட்டும் சமம் என்பது கணிதத்தின் விதி. வரிசை காக்கும் செட்டில் இவை சமமா, இல்லையா? சமம் என்றால், சமமான இரண்டு பொருள்கள் அச்சில் வெவ்வேறாக வரும். சமமில்லை என்றால், அதைச் செட் என்று சொல்வதே பொருந்தாது.

மற்ற மொழிகளைப் படைத்தவர்கள் இந்தச் சிக்கலை எப்படித் தீர்த்தார்கள்? மூன்று விதமாகத் தீர்த்தார்கள் எனலாம்.

ஜாவாஸ்கிரிப்ட் என்பது இணையப் பக்கங்களை இயக்கும் மொழி. 2015-ஆம் ஆண்டுத் தரவிதியில் அதில் செட் சேர்க்கப்பட்டபோதே, வந்த வரிசையைக் காக்கும் என்ற வாக்கையும் சேர்த்தே கொடுத்தார்கள்.

ஜாவா என்ற மொழி வேறு வழியில் போனது. மூன்று வகைச் செட்டுகளைக் கடையில் அடுக்கிவைத்தது. ஹாஷ்செட் என்பது வேகமானது. வரிசைக்கு வாக்கு இல்லை. ட்ரீசெட் என்பது சிறியதிலிருந்து பெரியதாக அடுக்கித் தரும். இவை இரண்டும் 1998-இல் வந்தன. 2002-இல் லிங்க்டுஹாஷ்செட் என்று மூன்றாவது ஒன்று வந்தது. அது வந்த வரிசையைக் காக்கும். எது வேண்டுமோ அதைப் பெயர் சொல்லி எடுத்துக்கொள்ள வேண்டியதுதான்.

மூன்றாவது வழி நமக்கு வியப்பாக இருக்கும். கூகிள் நிறுவனம் உருவாக்கிய கோ என்ற மொழியில் செட் என்று தனியாக ஒன்று இல்லை. மேப் எனப்படும் டிக்ஷனரி போன்ற ஒன்றையே செட்டாகவும் பயன்படுத்துவார்கள். 2012-இல் அதன் முதல் நிலையான பதிப்பு வந்தது. அதில் மேப்பைப் புரட்டும் ஒவ்வொரு முறையும் வரிசையை வேண்டுமென்றே மாற்றி மாற்றித் தந்தார்கள். ஒரே ஓட்டத்தில் இரண்டு முறை புரட்டினாலும் வரிசை வேறுபடலாம். ஏன் இப்படி? வாக்குக் கொடுக்காத வரிசையை வழக்கமாகக் காட்டினால், ஜனங்கள் அதில் சாய்ந்துகொள்வார்கள். பின்னொரு நாள் அதை மாற்றினால் எல்லாரும் விழுவார்கள். ஆகவே சாய முடியாதபடி முதல் நாளிலிருந்தே ஆட்டிவிடுவோம் என்று எண்ணினார்கள். உடைந்த நாற்காலியை மூலையில் அழகாக வைத்தால் யாராவது உட்காருவார்கள். காலைக் கழற்றி வைத்துவிட்டால் உட்கார மாட்டார்கள் அல்லவா?

எல்லாவற்றையும் எடைபோட்டுப் பார்த்தால் நமக்குத் தோன்றுவது இதுதான். எல்லாச் செட்டும் வரிசை காக்க வேண்டும் என்று கட்டாயம் இல்லை. ஆனால் வாக்கு உண்டா இல்லையா என்பது முதல் பாடத்திலேயே வெளிப்படையாகத் தெரிய வேண்டும். வரிசை காக்காத செட்டைக் கொடுக்கும் மொழி, வரிசை காக்கும் செட் ஒன்றையும் அதன் பக்கத்திலேயே வைக்க வேண்டும். ஜாவா செய்தது போலப் பெயரிலேயே வேறுபாடு தெரிந்தால் நல்லது. மிகவும் ஆபத்தானது நடுநிலை: எண்ணைப் போட்டால் பல நேரம் நேராக வரும், பெயரைப் போட்டால் கலைந்து போகும் என்ற நிலை. கற்கும் பிள்ளை எண்ணை வைத்துத்தான் சோதிக்கும். நாமும் அப்படித்தான் சோதித்தோம். சோதனையில் சிரித்து, வேலையில் கைவிடும் பொருள் நல்ல பொருள் ஆகாது. இந்த வகையில், பைதான் செட் இன்னும் கொஞ்சம் வெளிப்படையாக இருக்கலாம் என்பது நம் கருத்து.

இன்னொரு பக்கம், நிரல் எழுதுபவருக்கும் கடமை உண்டு. மொழி என்ன செய்தாலும், வரிசை முக்கியமான இடத்தில் வரிசையை எழுத்தில் கேட்டு வாங்குவது நம் பொறுப்பு. இதைக் கற்கும் இளைஞர்களுக்கு மூன்று குறிப்புகள் சொல்கிறோம்.

வந்த வரிசை வேண்டுமா? பைதானில் பெயர்களை ஒரு டிக்ஷனரியின் திறவுச்சொற்களாகப் போடுங்கள். இரண்டாம் முறை வரும் பெயர் தானே விழுந்துவிடும்; முதலில் வந்த இடம் மாறாது. 3.7 பதிப்பு முதல் இதற்கு மொழியின் வாக்கு இருக்கிறது.

அகரவரிசையோ எண்வரிசையோ வேண்டுமா? சார்ட்டெட் என்ற கட்டளையைக் கொடுத்து அடுக்கி வாங்குங்கள். தானாக அடுக்கி வந்தது போலத் தெரிந்தாலும் அதை நம்பாதீர்கள்.

குலுக்கல் வேண்டுமா? அப்படியானால் குலுக்கல் என்று எல்லாருக்கும் சொல்லி, எல்லாரும் பார்க்கக் குலுக்குங்கள். குலுக்கல் என்று சொல்லாமல் செட் குலுக்கித் தந்ததை முந்தி வந்தவர் பட்டியல் என்று ஒட்டுவது, தெரியாமல் செய்தாலும் அநியாயம்தான்.

நிரல் எழுதாத பெற்றோருக்கும் இதில் ஒரு செய்தி இருக்கிறது. இன்று உதவித் தொகையாகட்டும், வீட்டு மனையாகட்டும், பள்ளி இடமாகட்டும், பெயர்ப் பட்டியல் கணிப்பொறியிலிருந்துதான் வருகிறது. அச்சடித்த தாளைப் பார்த்ததும் அதற்கு மேல் பேச்சில்லை என்று நாம் ஒதுங்கிவிடுகிறோம். கணிப்பொறி பொய் சொல்லாது என்பார்கள். மெய்தான், ஆனால் கேட்காத கேள்விக்கு அது பதிலும் சொல்லாது. பட்டியலைப் பார்க்கும்போது பணிவாக ஒரு கேள்வி கேளுங்கள்: "ஐயா, இந்த வரிசை எப்படி வந்தது? முதலில் வந்தவர் முதலா, அகரவரிசையா, வேறு கணக்கா?" கேட்பதில் தவறில்லை. பொறுப்பில் இருப்பவருக்கு விடை தெரிந்தால் நல்லது. தெரியாவிட்டால் தேடிப் பார்க்க அது ஒரு வாய்ப்பு.

அந்த அக்காள் கேட்டதும் அதே கேள்விதான். அவருக்குச் செட் தெரியாது, பைதான் தெரியாது. தாம் எத்தனை மணிக்கு வந்தோம், எத்தனையாவதாக எழுதினோம் என்பது தெரியும். அந்த ஒரு நினைவு கணிப்பொறித் தாளைவிட உறுதியாக இருந்தது. ஒட்டிய தாளைக் கிழித்துவிட்டு, நோட்டை நடுவில் வைத்து, வரிவரியாகக் கையாலேயே எண்ணினோம். நாலாவது வரியில் அவர் பெயரை வாசித்தபோது, தலையை ஆட்டிவிட்டு ஒன்றும் சொல்லாமல் போய் உட்கார்ந்தார். முதல் தாளில் இடம் பிடித்திருந்த சிலருக்கு இம்முறை இடம் கிடைக்கவில்லை. அவர்கள் வீடுகளுக்குப் போய், நடந்ததைச் சொல்லி மன்னிப்புக் கேட்டோம். அந்த நடை எளிதாக இல்லை. அதன் பிறகுதான் நிரலைத் திருத்தினோம். திருத்தியது ஒரே ஒரு வரி.

ஒரு வரிக்குள் இத்தனை பேருடைய நியாயம் அடங்கியிருக்கும் என்பதை நம் பிள்ளைகள் இளம் வயதிலேயே அறிந்துகொள்ள வேண்டும். நாளை அவர்களே பட்டியல் தயாரிக்கும் இடத்தில் உட்காரப் போகிறார்கள். வழக்கத்தை வாக்கு என்று எண்ணி ஏமாறாமல், தாம் கொடுத்த வாக்கை எழுத்தில் காப்பாற்றுபவர்களாக அவர்கள் வர வேண்டும் என்று வாழ்த்தி விடைபெறுகிறோம்.